பதினோராவது தட்டு

தட்டுகள் ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று என் அப்பா குமாரசாமி மூன்று முறை தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஏழு, ஒன்பது, பதினொன்று, எதுவானாலும் சரி. பத்து மட்டும் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நிச்சயதார்த்தத்தில் நாங்கள் தட்டு மாற்றுவது போல அவர்களுக்கு வழக்கம் இல்லை. அதனாலேயே பரீட்சைக்குப் படிப்பவர்கள் மாதிரி ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். பதினொரு தட்டையும் கண்ணாடித் தாள் சுற்றிக் கட்டி, ஆக்லாந்தின் ஒரு கோடியில் இருக்கும் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து மறுகோடியில், பிளாட் புஷ்ஷில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாழைப்பழத் தட்டு மட்டும் அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே தங்கிவிட்டது.

அது தெரியவந்தது எங்கள் வாசலில், காரிலிருந்து தட்டுகளை இறக்கி எண்ணியபோது. போய் எடுத்துவர ஒரு மணி நேரமாவது ஆகும். மாப்பிள்ளை பார்த்தீபனின் பெரியம்மா மரகதம் ஒரு கணம்தான் யோசித்தாராம். பூத்தட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த இன்னொரு தட்டை உருவினார். அதில் நாலு வெற்றிலையைப் பரப்பினார். தன் பெரிய கைப்பையைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து, அதிலிருந்ததை வெற்றிலை மேல் கொட்டினார். பதினொன்று ஆகிவிட்டது.

கொட்டியது உலர்ந்த காளான்.

மரகதம் நாற்பது வருடமாக ஜாம்பியாவில் கணக்கு டீச்சர். பார்த்தீபனைப் பெற்றவர்கள் போரில் இறந்தபோது அவருக்கு மூன்று வயது. பெரியம்மாதான் அவரை லுசாக்காவுக்கு எடுத்துப்போய் வளர்த்தார். மழைக்காலத்தில் அங்கே சாலையோரத்தில் பெண்கள் காட்டுக் காளானைக் குவித்து விற்பார்களாம். பெரியம்மா அதை வாங்கிக் காயவைத்து, வெள்ளிக்கிழமைகளில் வறுத்த மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைப்பார். இறைச்சியே சமைக்காத அந்த வீட்டுக்கு அதுதான் இறைச்சி. இப்போது பிள்ளையின் நிச்சயதார்த்தத்துக்கு வியாழக்கிழமை விமானத்தில் வந்தவர், பார்த்தீபன் ஆசையாகச் சாப்பிடுவார் என்று ஒரு பை கொண்டுவந்திருந்தார்.

இதையெல்லாம் எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் கூடத்தில், இலந்தைப்பழ நிறப் பட்டுப்புடவையில், ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தேன். காலையிலேயே என் போனை அம்மா பிடுங்கிக்கொண்டாள். நிச்சயதார்த்தப் பெண் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காதாம். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. அதில் பெரும்பகுதியைப் பேசாமலே கழித்திருக்கிறேன்.

பார்த்தீபனும் அப்படித்தான். நாங்கள் பக்குரங்கா நூலகத்தில் ஒரே மேசையில் நாலு மாதம், சனிக்கிழமை தவறாமல், எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அன்று நான் ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தேன். அடுத்த வாரம் அவர் வந்து உட்கார்ந்து, தனக்குக் காய்ச்சல் என்று சொன்னார். நான் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் சொல்லிவிடலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

வீட்டில் சம்மதம் கிடைத்தது. மிச்சம் இருந்தது பெரியம்மா. என் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. நாட்டுக்குள் நுழையும் சரக்கில் அகப்படும் பூச்சிகளை அடையாளம் காணும் ஆய்வகத்தில் இருக்கிறேன். பூச்சியைக் கண்டுபிடித்து, ஊசியில் குத்தி, சீட்டு எழுதிப் பெட்டியில் வைப்பது என் தொழில். எறும்பைக்கூட மிதிக்காத சைவக்காரப் பெரியம்மா, "பூச்சி குத்துற பிள்ளையோ" என்று ஒரு தடவை போனில் கேட்டுவிட்டு, நேரில் பார்த்துச் சொல்வதாக நிறுத்திக்கொண்டாராம். அவரைக் கேட்காமல் தான் ஒரு சட்டைகூட வாங்கியதில்லை என்று பார்த்தீபன் என்னிடம் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உண்மை.

ஆக, பெரியம்மா இன்று சரி என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அவருக்குத் திரும்ப விமானம். இன்று நடக்காவிட்டால் அவருக்கு நீண்ட பள்ளி விடுமுறை கிடைக்கும் வரை, அதாவது வருடக் கடைசி வரை, எதுவும் நடக்காது.

இன்றைக்கு ஒரு எல்லையும் இருந்தது. ஏப்ரல் முதல் ஞாயிறு. அப்பா ஆக்லாந்தின் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துத் தானே கணக்குப் போட்டு, ராகு காலம் நாலு நாற்பத்திரண்டுக்குத் தொடங்குகிறது என்று முடிவு செய்திருந்தார். அதற்குள் தட்டு மாறியாக வேண்டும். மூன்று மணிக்கு எல்லோரையும் அழைத்திருந்தார். கூடத்துச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தில் நாலு ஐந்து ஆனபோதுதான் மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்து நின்றன. எங்கள் பக்கத்து உறவினர்களும் அதே நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஒரு மணி நேரம் தாமதம். யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நம் ஆட்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதில் கேட்க என்ன இருக்கிறது. அப்பா மட்டும் வாசலில் நின்று, முகம் நிறையச் சிரிப்போடு, பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பினார்.

பதினொரு தட்டும் என் முன்னால் வரிசையாக வைக்கப்பட்டன. சர்க்கரை, கற்கண்டு, தேங்காய், ஆப்பிள், புடவை, பூ. கடைசியாக, கண்ணாடித் தாள் இல்லாமல், கறுத்துச் சுருங்கிய காளான் குவியல். என் அம்மா பாக்யலட்சுமி அதை ஒரு முறை பார்த்தாள், யாழ்ப்பாணத்து வழக்கமாக இருக்கும் என்று மரியாதையாகத் தலையாட்டினாள். அப்பா மணி பார்த்தார். இன்னும் இருபது நிமிடம்தான் என்று அறிவித்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கைக்கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டார்கள். இந்தியாவில் ராகு காலத்துக்கு வேறு கணக்கு போலும் என்று நினைத்து அவர்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அப்போது காளான் குவியலில் ஒன்று அசைந்தது.

குவியலின் மடிப்பிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்தது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. மெருகேற்றிய கறுப்பு. முதுகில் நாலு ஆரஞ்சுத் திட்டுகள். உணர்கொம்புகளின் நுனி தீக்குச்சித் தலை போலப் பருத்திருந்தது. அது வெற்றிலையின் ஓரத்துக்கு நடந்து வந்து நின்று, கொம்பை ஆட்டி, கூடத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது போல இருந்தது.

இதன் உறவுக்காரர்களைப் படங்களிலும் பழைய பெட்டிகளிலும்தான் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் வாழ்கிற, பூஞ்சையையும் காளானையும் மட்டுமே தின்கிற இனம். எந்த வகை என்று உருப்பெருக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். உயிரோடு, இரண்டு கை தூரத்தில், என் நிச்சயதார்த்தத் தட்டில். அவ்வளவு அழகு. அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அது தொண்டைக்கு வருவதற்குள் மற்றது புரிந்துவிட்டது.

இது இந்த நாட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் சொல்லியாக வேண்டும். அதுதான் என் வேலை. சொன்னால், பதினைந்து பேர் முன்னால், பெரியம்மா விமான நிலையத்தில் மறைத்துக் கொண்டுவந்தார் என்று நான் சொன்னதாகும். சொல்லாமல் கையை நீட்டி மெல்ல மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடலாமா, சொல்லலாமா. நான் எப்போதும் போல யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நிமிர்ந்தபோது பார்த்தீபன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைப் பார்த்தார். மறுபடியும் நானும் தட்டைப் பார்த்தேன். வெற்றிலையில் எதுவும் இல்லை.

"யாரும் கதவைத் திறக்காதீங்க" என்றேன்.

அன்று நான் பேசிய முதல் வார்த்தை அது. நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். வண்டு என்ன, எங்கிருந்து வந்திருக்கிறது, வெளியே போனால் ஏன் ஆபத்து, பிடித்தவுடன் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவு நீளமாக நான் பேசி அம்மாவே கேட்டதில்லை. எல்லோருடைய கண்களும் என்னிடமிருந்து காளானுக்கும் காளானிலிருந்து மரகதத்துக்கும் போயின.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணக்குப் பிழை விட்ட மாணவனைப் பார்க்கும் பார்வை.

"அப்ப நான் கள்ளக்கடத்தல்காரி எண்டு சொல்லுறீர்."

"இல்லைங்க பெரியம்மா. வண்டு வந்திருக்குன்னுதான் சொல்றேன்."

அவர் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். பிறகு, பெட்டிக்குள் இருந்த முறுக்கு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டியதாகவும், கைப்பை மடியிலேயே இருந்ததால் அதையும் ஒரு சாமானாக நினைக்கத் தோன்றவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கைப்பையைத் தரையில் வைத்தார். "முதல்ல பிடியுங்கோ. பிறகு கதைப்பம்."

அடுத்த கால் மணி நேரத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பட்டு வேட்டிகளும் பட்டுப்புடவைகளும் தரையில் மண்டியிட்டன. இரு வீட்டாரும் அதுவரை ஒருவரையொருவர் "வாங்க", "இருங்கோ" என்பதைத் தாண்டிப் பேசவில்லை. இப்போது ஒரே சோபாவை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கோயம்புத்தூர்ச் சித்தப்பா ஒருவர் சர்க்கரைத் தட்டைச் சல்லடையில் போட்டுச் சலித்தார். பார்த்தீபனின் அத்தை முறையான ஒருவர், வண்டு பூவில் இருக்கும் என்று மல்லிகைச் சரத்தை மொட்டு மொட்டாக உதறினார். குழந்தைகள் ஆங்கிலத்தில் கூச்சலிட்டபடி கால்களுக்கிடையே ஊர்ந்தன. யாரோ என் தலையில் வண்டு என்றார்கள், அது ஜடைவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. மேசைக்கு அடியில் பார்த்தீபனின் முகம் எதிரே வந்தது. அவர் கண்களிலும் தண்ணீர். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஊர்ந்து போனோம்.

அப்பா மட்டும் தேடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது. நாலு நாற்பத்திரண்டு ஆனதும் மெதுவாகப் போய், தூக்கி நகர்த்தியிருந்த சோபாவில் கூடத்தின் நடுவே தனியாக உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது. இனி சூரியன் மறையற வரைக்கும் ராகு காலம். அதுக்கப்புறம் நட்சத்திரமும் சரியில்ல. இன்னைக்கு வேண்டாம்."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். மண்டியிட்டிருந்தவர்கள் எழவில்லை. பார்த்தீபன் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை விமானம். வருடக் கடைசி. நான் நடுக்கூடத்தில் நின்று, இரண்டு கணம் யோசித்ததற்காக என்னையே நொந்துகொண்டேன். அந்த வண்டு என்ன நினைத்திருக்கும்? பசித்திருக்கும். வியாழக்கிழமையிலிருந்து கைப்பைக்குள் உலர்ந்த காளானை மட்டும் கடித்துக்கொண்டிருந்த பிராணிக்கு, ஈரமான, பசுமையான பூஞ்சை எங்காவது இருந்தால் வாசனை அடிக்குமே.

"அம்மா" என்றேன். "நம்ம வீட்ல பூசணம் எங்க இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் இதுதான். அம்மா நாலு வருடமாக இந்தப் புது வீட்டைக் கண்ணாடி போல வைத்திருப்பவள். ஆக்லாந்தில் எல்லார் வீட்டிலும் ஈரம், எல்லார் வீட்டிலும் பூசணம், நம் வீட்டில் மட்டும் கிடையாது என்று கோயிலில் சொல்லிக்கொள்பவள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நம்ம வீட்ல ஏதுடி பூசணம்."

ஆனால் அவள் கண் ஒரு கணம் மேலே போய்வந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு.

அந்தக் கடிகாரம் போன வாரம் வரை சமையலறை வாசலுக்கு மேல் இருந்தது. அதைத் திடீரென்று கூடத்துச் சுவரின் உச்சிக்கு மாற்றச் சொன்னவள் அம்மா. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அப்பாவும் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவ்வளவு உயரத்தில் எதற்கு என்று அன்றைக்கே கேட்டதாகவும், அழகுக்கு என்று பதில் வந்ததாகவும் மெல்லிய குரலில் சொன்னார்.

பார்த்தீபன் சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஏறினார். இரண்டு கையாலும் கடிகாரத்தைக் கழற்றினார்.

பின்னால், தோசை அளவுக்கு, கறும்பச்சையாகப் பூசணம் படர்ந்திருந்தது. அதன் ஓரத்தில், கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவர் போல, தலையைக் குனிந்து எங்கள் வண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் குங்குமச் சிமிழைத் தட்டிக் காலி செய்து நீட்டினேன். அவர் கடிகாரத்தை ஒரு கையில் அணைத்தபடி, மறு கை விரலால் வண்டைச் சிமிழுக்குள் தள்ளினார். தொட்டதும் அது முழங்கால்களிலிருந்து மஞ்சளாக ஒரு துளி கசியவிட்டது. இந்த இனத்தின் தற்காப்பு அது, கசக்கும். பார்த்தீபனின் வெள்ளைச் சட்டைக் கையில் மஞ்சள் கறை பட்டது. மூடியை மூடினேன். அம்மா அவமானத்தில் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

மரகதம் எழுந்து வந்தார். சுவரைப் பார்த்தார். சட்டைக் கையைப் பார்த்தார். அம்மாவின் தோளைத் தொட்டார்.

"என்ர கைப்பைக்குள்ள வண்டு. உங்கட சுவரில பூஞ்சணம். இனி நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் மறைக்க ஒண்டுமில்லை. வெக்கப்படாதேங்கோ."

அம்மா தலைப்பை விலக்கினாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி மேலேயே நின்ற பார்த்தீபன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதில அஞ்சு மணி. என்ர கையில நாலு."

அப்பா புரியாமல் நிமிர்ந்தார். பிறகு அவர் வாய் மெல்லத் திறந்தது. அன்று அதிகாலையோடு கோடைக்கால நேரம் முடிந்திருந்தது. நாடு முழுவதும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாயிற்று. முந்தின நாள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அதை நினைவூட்டிய ஆள் என் அப்பா. சிவப்பு எழுத்தில் இரண்டு தடவை அனுப்பியிருந்தார். வீட்டுக் கடிகாரம் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால், காலையில் ஏணி எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டு, பந்தல் வேலையில் மறந்துபோயிருக்கிறார்.

அப்படியானால் வந்தவர்கள் யாரும் தாமதமாக வரவில்லை. எல்லோரும் மூன்று மணிக்கு, சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் குடும்ப வரலாற்றில் அது முதல் தடவையாக இருக்கும். அதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை.

ராகு காலத்துக்கு இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தது. அப்பா எழுந்து, பதினைந்து பேரையும் பார்த்துக் கைகூப்பினார். இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை. யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான், கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. கோயம்புத்தூர்ச் சித்தப்பா சல்லடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டு மாற்றலாம் என்று அப்பா அவசரப்படுத்தினார். முதலில் போன் என்றார் மரகதம். நான் அம்மாவிடமிருந்து என் போனை வாங்கி எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அவரே வாங்கிப் பேசினார். வகுப்பில் பாடம் நடத்தும் ஆங்கிலத்தில் தன் முழுப்பெயர், கடவுச்சீட்டு எண், விமான எண், கைப்பை, காளான், வண்டு என்று வரிசை மாறாமல் சொன்னார். அபராதம் வருமா என்றும் அவரே கேட்டார். வரலாம் என்றார்கள். சரி என்றார். காளான் முழுவதையும் பைக்குள் போட்டு ஒட்ட வேண்டும், வண்டைச் சிமிழோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், காலையில் அதிகாரி வருவார். பார்த்தீபன் தன் வெள்ளிக்கிழமைக் குழம்பு மொத்தமும் பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிமிழை ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடி, இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்கும்போது, மரகதம் என் பின்னால் வந்து நின்றார்.

"குத்துவீரோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் அதற்கு நிறைய ஆசைப்பட்டேன்.

"ஆமா பெரியம்மா. கடைசியில குத்தித்தான் வைப்போம். சீட்டுல எங்க கிடைச்சுது, என்னைக்கு, யார் பிடிச்சதுன்னு எழுதுவோம்."

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"பிடிச்சது அவன். ஆனால் லுசாக்காவில இருந்து கொண்டுவந்தது நான்" என்றார் கடைசியில். "சீட்டில என்ர பேரும் வரவேணும். வடிவா எழுதும் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத ஆள் எழுதினால்தான் சரி."

நான் தலையாட்டினேன். கூடத்துக்குத் திரும்பி நடக்கையில் என் கால்கள் தரையில் படவில்லை.

அங்கே அடுத்த சிக்கல் காத்திருந்தது. காளான் போனதில் தட்டுகள் மறுபடியும் பத்தாகிவிட்டன. அப்பா விரல் விட்டு எண்ணி, எண்ணி, தலையில் கைவைத்திருந்தார். சர்க்கரையை இரண்டாகப் பிரிக்கலாமா என்றார் ஒருவர். ஒன்றைக் குறைத்து ஒன்பதாக்கலாம் என்றார் இன்னொருவர். கொண்டுவந்ததைக் குறைப்பது நன்றாக இருக்காது என்றாள் அம்மா. மரகதம் காலித் தட்டை எடுத்தார். பார்த்தீபனின் கையில் இன்னமும் இருந்த கடிகாரத்தை வாங்கினார். பின்பக்கத் திருகைத் திருப்பி, பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்றுப் பின்னால் கொண்டுபோனார். புது வெற்றிலை பரப்பி, அதன் மேல் கடிகாரத்தை மல்லாக்க வைத்தார்.

"அது எங்க வீட்டுக் கடிகாரமாச்சே" என்றார் அப்பா.

"ஓம். திருத்தித் தாறம்."

நாலு இருபத்தாறுக்குத் தட்டுகள் கைமாறின. நேரத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசித் தட்டில் முள் நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்தீபன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. அவர் தோள் குலுங்கியது. அதைப் பார்த்து என் தோளும் குலுங்கியது. புகைப்படக்காரர் நேராக இருக்கச் சொன்னார், எங்களால் முடியவில்லை.